‘தகுதி பெற்றார்’ என்பது வேறு, ‘இடம் கிடைத்தது’ என்பது வேறு: கொழும்பின் பல்கலைக்கழக மாணவர் தொண்டு எதற்காக?

உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வெளியாகும் நாளில் எல்லாச் செய்திகளிலும் ஒரு தொகை தவறாமல் சொல்லப்படும். இத்தனை ஆயிரம் பேர் பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெற்றுள்ளனர் என்பதே அந்தச் செய்தி. 2022ஆம் ஆண்டுக்கான பரீட்சையில் அந்தத் தொகை ஒரு இலட்சத்து 66 ஆயிரத்தைத் தாண்டியது. மட்டக்குளியில் தொலைக்காட்சிக்கு முன் அமர்ந்திருக்கும் ஒரு தாய் அதைக் கேட்டதும், மூன்று பாடங்களிலும் சித்தியடைந்த தன் மகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறார். அக்கம்பக்கத்தில் இனிப்பும் கொடுத்துவிடுகிறார். மாதங்கள் கழித்து வெட்டுப்புள்ளி (ஒரு கற்கைநெறிக்கு இடம் கிடைக்கத் தேவையான மிகக் குறைந்த புள்ளி) வெளியாகும்போது, மகளின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஏன் என்று விளக்கிச் சொல்ல அந்த வீட்டில் எவரும் இல்லை.

கொழும்பில் படிக்கும் தமிழ்ப் பல்கலைக்கழக மாணவர்கள் சனி, ஞாயிறுகளில் பாடசாலைகளுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் சனசமூக நிலையங்களுக்கும் போய்ச் செய்யும் தொண்டு இந்த இடைவெளியில்தான் நிற்கிறது. “பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வம் ஊட்டுகிறார்கள்” என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த வேலையில் உண்மையில் என்ன நடக்கிறது, எங்கே அது பலன் தருகிறது, எங்கே தவறுகிறது என்று பார்ப்பதற்கு முன், அனுமதி முறையின் அடிப்படை தெரிய வேண்டும்.

அடிப்படை: தகுதி என்றால் என்ன?

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வைத்திருக்கும் குறைந்தபட்ச நிபந்தனை கடினமானதல்ல. ஒரே அமர்வில் மூன்று பாடங்களிலும் குறைந்தது சாதாரண சித்தி வேண்டும். பொது அறிவு வினாத்தாளில் 30 புள்ளிகள் வேண்டும். மூன்று தடவைகளுக்குள் இதை அடைந்திருக்க வேண்டும். இதைத் தாண்டிய எல்லோரும் ‘தகுதி பெற்றவர்கள்’. அதாவது, விண்ணப்பிக்கும் உரிமை பெற்றவர்கள். அவ்வளவுதான்.

நாட்டில் 17 அரச பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவை ஆண்டுக்கு உள்வாங்குவது நாற்பதாயிரத்தைச் சற்று அண்டிய தொகையினரை. தகுதி பெற்றவர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற மூவரும் தோற்றவர்கள் அல்லர்; இடம் இல்லாததால் வெளியே நிற்பவர்கள். இந்த ஒரு வேறுபாட்டைத் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தாலே பல வீடுகளில் வீண் பழியும் மனவருத்தமும் குறையும்.

இசட் புள்ளி: புள்ளியைப் புள்ளியோடு ஒப்பிட முடியாததால் வந்தது

அந்த நால்வரில் யார் அந்த ஒருவர் என்பதை 2001 முதல் இசட் புள்ளி தீர்மானிக்கிறது. பெயர் மிரட்டினாலும் கணக்கு எளிது. ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, வருவதை அந்தப் பாடத்தின் நியம விலகலால் வகுக்க வேண்டும். நியம விலகல் என்பது, எல்லோருடைய புள்ளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதன் அளவு.

கற்பனையான ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவி பௌதிகவியலில் 70, இரசாயனவியலில் 70, இணைந்த கணிதத்தில் 55 எடுத்திருக்கிறார்.

1. பௌதிகவியலின் சராசரி 40, விலகல் 15 என்றால், அவருடைய இசட் புள்ளி 2.
2. இரசாயனவியலின் சராசரி 55, விலகல் 20 என்றால், அதே 70 புள்ளிக்குக் கிடைப்பது 0.75 மட்டுமே.
3. இணைந்த கணிதத்தின் சராசரி 35, விலகல் 20 என்றால், 55 புள்ளிக்கு 1.

மூன்றின் சராசரி 1.2500. இந்த நான்கு தசமத் தானங்கள்தாம் அவருடைய எதிர்காலத்தைச் சுமந்து செல்கின்றன. கணிதத்தில் எடுத்த 55, இரசாயனவியலில் எடுத்த 70ஐ விடக் கூடுதலாகப் பெறுமதி பெற்றதைக் கவனிக்க வேண்டும். எல்லோரும் நன்றாகச் செய்த பாடத்தில் நீங்களும் நன்றாகச் செய்வது உங்களை மேலே தூக்குவதில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் பலர், “எனக்கு இரண்டு ஏ இருக்கிறது, அவளுக்கு ஒன்றுதான், எப்படி அவளுடைய நிலை முன்னே வந்தது?” என்று கேட்டுக் குமுறுவதற்குக் காரணம் இதுவே. கரும்பலகையில் பத்து நிமிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் குமுறல் அடங்கிவிடும். பாடசாலையில் பெரும்பாலும் எவரும் போட்டுக் காட்டுவதில்லை என்பதுதான் குறை.

மாவட்ட முறையும் கொழும்பின் ஏழைப் பிள்ளையும்

பெரும்பாலான கற்கைநெறிகளில் நூறு இடங்கள் இருந்தால் அவற்றில் 40 அகில இலங்கைத் திறமை அடிப்படையில் நிரப்பப்படும். 55 இடங்கள் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாகப் போகும். யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு, வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை ஆகியவை அந்தப் பதினாறில் அடங்கும். கொழும்பு அதில் இல்லை.

1970களின் தரப்படுத்தல் (பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ்மொழி மூல மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட முறை) தமிழ்க் குடும்பங்களில் விட்டுச் சென்ற காயத்தை அறிந்தவர்களுக்கு, இத்தகைய பங்கீடு எதுவும் உணர்ச்சியற்ற எண்ணாகத் தோன்றாது. இன்றைய முறையின் நியாய அநியாயம் தனி விவாதம். இங்கே முக்கியமானது வேறொன்று: இந்த முறை மாவட்டத்தைப் பார்க்கிறது, வீட்டைப் பார்ப்பதில்லை.

முகத்துவாரத்தில் ஒரு வத்தையில் (நெருக்கமான ஏழைக் குடியிருப்பில்), ஓர் அறையும் பொதுக் குழாயும் உள்ள வீட்டில் இருந்து படிக்கும் பிள்ளையும், கொழும்பு 7இல் தனி அறையில் நான்கு ரியூஷன் ஆசிரியர்களிடம் படிக்கும் பிள்ளையும் ஒரே மாவட்டம். நாட்டின் பெயர்பெற்ற பாடசாலைகளில் படிப்பதற்காக எல்லா ஊர்களிலிருந்தும் வந்து சேர்ந்த திறமையான மாணவர்களும் பெரும்பாலும் இதே மாவட்டக் கணக்கில்தான் சேர்கிறார்கள். ஆகவே மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் கொழும்பின் வெட்டுப்புள்ளி எப்போதும் உயரத்திலேயே நிற்கும். வத்தையில் இருக்கும் பிள்ளைக்கு மாவட்ட முறை ஏணியாக அமைவதில்லை, மதிலாகவே அமைகிறது.

வெளியூரிலிருந்து உயர்தரத்துக்காகக் கொழும்புப் பாடசாலைக்கு மாறும் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் எந்த மாவட்டத்தவர் என்பது பிறந்த ஊரைப் பொறுத்ததல்ல. பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகள் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தார் என்பதே பிரதான அளவுகோல். நுவரெலியாவிலிருந்து பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்ப முடிவெடுக்கும் முன், ஆணைக்குழுவின் கைநூலில் இதற்கான பகுதியை வரிவரியாகப் படிப்பது அவசியம். நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு பிள்ளையின் வாய்ப்பைக் குறைத்துவிட்டதைப் பெறுபேற்றுக்குப் பின் அறிவது மிகக் கொடுமை.

கொட்டாஞ்சேனையிலிருந்து கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குப் பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. ஆனாலும் அந்த வாசலுக்குள் தன் தெருவிலிருந்து ஒருவரேனும் போனதை அறியாத பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள். ‘தலைநகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன குறை’ என்ற எண்ணம் அவர்களை எல்லா உதவித் திட்டங்களின் பட்டியலிலிருந்தும் நீக்கிவிடுகிறது. தொண்டர்கள் முதலில் போக வேண்டியது இங்கேதான் என்பது என் உறுதியான எண்ணம்.

பிள்ளைகள் நழுவும் நான்கு இடங்கள்

“படிக்க வேண்டும்” என்ற ஆசை இல்லாத பிள்ளையைக் காண்பது அரிது. ஆசை இருந்தும் நழுவுவது குறிப்பிட்ட சில திருப்பங்களில்தான். மாணவர் தொண்டு பயன் தருவதும் அதே திருப்பங்களில்தான்.

1. சாதாரண தரம் முடிந்து உயர்தரப் பிரிவைத் தெரிவு செய்யும் வாரங்கள். பதினாறு வயதில் எடுக்கும் ஒரு முடிவு சில கதவுகளை நிரந்தரமாக மூடிவிடும். இணைந்த கணிதம், பௌதிகவியலோடு இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுத்தால் கணினி சார்ந்த கற்கைநெறிகளுக்குப் போகலாம். பொறியியலுக்குப் போக முடியாது. இதைப் பிள்ளை அறிந்தே தெரிவு செய்தால் குற்றமில்லை. அறியாமல் செய்வதுதான் துயரம். சாதாரண தரத்தில் சறுக்கியவர்களுக்கு, 2017இல் தொடங்கிய 13 ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தின் தொழிற்பிரிவு இருப்பதையும் இந்த வாரங்களிலேயே சொல்ல வேண்டும்.

2. பரீட்சைக்குப் பின்னான நீண்ட காத்திருப்பு. 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை நடந்தது 2023 ஜனவரி, பெப்ரவரியில். பெறுபேறு வந்தது அதே ஆண்டு செப்டெம்பரில். அதற்குப் பிறகு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி, பதிவு, பீடம் தொடங்கும் திகதி என்று இன்னும் பல மாதங்கள். இந்த வெற்றிடத்தில் ஒரு பையன் புறக்கோட்டையில் துணிக்கடை வேலைக்குப் போகிறான். முதல் மாதம் வீட்டு மின்கட்டணத்தைக் கட்டுகிறான். மூன்றாம் மாதம் தங்கையின் ரியூஷன் கட்டணத்தையும் அவனே கட்டுகிறான். ஓராண்டு கழித்து அனுமதிக் கடிதம் வரும்போது, அந்தச் சம்பளத்தைச் சுற்றி வீடு தன்னை அமைத்துக்கொண்டுவிட்டது. அவன் போனால் வீட்டில் ஓட்டை விழும். ‘படிப்பில் அக்கறை இல்லை’ என்று இவனைச் சொல்வது அநியாயம். காத்திருப்பு எவ்வளவு நீளும், மகாபொல புலமைப்பரிசில் உதவி எவ்வளவு வரும் என்று அந்த வீட்டுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தால், சம்பளத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைக்கவாவது இடமிருந்திருக்கும்.

3. விண்ணப்பம் நிரப்பும் நாட்கள். இதைக் கீழே தனியாகப் பார்ப்போம்.

4. அனுமதி கிடைத்த பின் வீட்டில் எழும் தயக்கம். “பெண்பிள்ளையைத் தனியாக மட்டக்களப்புக்கு எப்படி அனுப்புவது?”, “ஆங்கிலத்தில் படிப்பாளா?”, “பகிடிவதை செய்வார்களாமே?” இந்தக் கேள்விகளுக்கு மேடைப் பேச்சு பதிலாகாது. அதே தெருவிலிருந்து போய் இரண்டாம் ஆண்டில் படிக்கும் ஒரு பெண், அந்தத் தாயின் முன் அமர்ந்து விடுதி எப்படி இருக்கும், செலவு என்ன, முதல் ஆண்டில் ஆங்கிலத்தை எப்படிச் சமாளித்தாள் என்று சொல்வதுதான் பதில். பகிடிவதையை ‘சும்மா பயப்படுகிறீர்கள்’ என்று தள்ளிவிடக் கூடாது. அது நடப்பதும் உண்மை. 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்பதும், முறையிட வழி இருக்கிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விருப்ப வரிசை: ஒரு மேசையில் நடப்பது

விண்ணப்பத்தில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அதை வழங்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனி யுனிகோட் (Uni-Code) என்ற குறியீடு உண்டு. மாணவர் தமக்கு விருப்பமானவற்றை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசைப்படுத்த வேண்டும். தெரிவு நடக்கும்போது முதல் விருப்பத்திலிருந்து கீழ்நோக்கிப் பார்க்கப்படும். எந்த இடத்தில் அவருடைய இசட் புள்ளி போதுமானதாக இருக்கிறதோ, அந்த இடத்தில் தெரிவு முடிந்துவிடும்.

வர்த்தகப் பிரிவு மாணவி ஒருவர் விண்ணப்பத்தோடு தொண்டர் மேசைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளில் பென்சிலால் எழுதிக் கொண்டுவந்திருக்கிறார். முதலாவதாக, வெட்டுப்புள்ளி குறைவாக இருக்கும் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கற்கைநெறி. இரண்டாவதாகக் கொழும்பின் முகாமைத்துவம். மூன்றாவதாக ஸ்ரீ ஜயவர்தனபுர. ஏன் இந்த வரிசை என்று கேட்டால், “முதலில் போட்டதுதான் கட்டாயம் கிடைக்கும் அக்கா. பெரியதை முதலில் போட்டால் ஒன்றுமே கிடைக்காமல் போய்விடும் என்று சொன்னார்கள்” என்பார்.

இது மிகப் பரவலான, மிக ஆபத்தான தவறு. அவருடைய புள்ளி மூன்றுக்கும் போதுமானதாக இருந்தால்கூட, முதலாவதிலேயே தெரிவு நின்றுவிடும். கொழும்பு என்ற பெயர் பார்க்கப்படவே மாட்டாது. மாறாக, விருப்பமானதை முதலில் போட்டு அது கிடைக்காமல் போனால் எந்த இழப்பும் இல்லை. அடுத்ததைப் பார்ப்பார்கள். அதற்குப் புள்ளி போதுமென்றால் அது கிடைக்கும். கிடைக்கும் வாய்ப்பின்படி அடுக்கக் கூடாது, விரும்பும் வரிசைப்படியே அடுக்க வேண்டும். தொண்டர் செய்வது அழிப்பானை எடுத்துக் கொடுப்பதுதான். இரண்டு நிமிட வேலை. ஆனால் அந்த மாணவியின் நான்கு ஆண்டுகள் அந்த இரண்டு நிமிடத்தில் இடம் மாறுகின்றன.

இதே மேசையில் கவனிக்க வேண்டிய வேறு சில:

1. கட்டடக்கலை போன்ற சில கற்கைநெறிகளுக்கு உளச்சார்புப் பரீட்சை தனியாக உண்டு. அதற்குத் தனி அறிவித்தல், தனி விண்ணப்பம், தனி முடிவுத் திகதி. யுனிகோடை மட்டும் எழுதிவிட்டு இதைத் தவறவிட்டால் அந்த விருப்பம் வெறும் எழுத்தாகிவிடும்.
2. சென்ற ஆண்டு வெட்டுப்புள்ளி ஒரு வழிகாட்டி மட்டுமே. இந்த ஆண்டு அது ஏறலாம், இறங்கலாம். 0.02 குறைகிறது என்பதற்காக ஒரு விருப்பத்தை நீக்கக் கூடாது.
3. பெயர், பாடசாலைக் காலம், முகவரி ஆகியவை சான்றிதழ்களோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புச் சான்றிதழில் ஒன்றும் அடையாள அட்டையில் ஒன்றுமாக இருப்பது நம்மிடையே சாதாரணம். அதைக் கடைசி நாளில் கண்டுபிடிக்கக் கூடாது.

பணக் கேள்வி

அரச பல்கலைக்கழகத்தில் இளமாணிப் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை. 1940களில் கல்வி அமைச்சர் கன்னங்கரா காலத்தில் வேரூன்றிய இலவசக் கல்வியின் தொடர்ச்சி அது. செலவு தங்குமிடம், சாப்பாடு, பஸ், மடிக்கணினி ஆகியவற்றில் வருகிறது. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலின் மாதத்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அது ஒரு மாதச் செலவை மூடாது. ஆனாலும் ‘ஒன்றும் வராது’ என்ற எண்ணத்தோடு விண்ணப்பிக்காமல் விடுவது தவறு.

தொண்டு எங்கே தவறுகிறது?

நல்ல நோக்கம் இருப்பதால் வேலை நன்றாக நடக்கிறது என்று ஆகிவிடாது. சில குறைகளை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, வென்றவர் கதை மட்டுமே சொல்லப்படுகிறது. மேடையில் ஏறுபவர் மருத்துவ பீடத்தவர் அல்லது பொறியியற் பீடத்தவர். “நான் நான்கு மணிக்கு எழுந்து படித்தேன், நீங்களும் படியுங்கள்” என்று அவர் சொல்வது உண்மைதான். ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் முப்பது பேரில் இருபது பேர் கலைப் பிரிவிலோ வர்த்தகத்திலோ இருக்கிறார்கள். கலைப் பிரிவில் படித்துச் சட்டமோ மொழிபெயர்ப்போ ஊடகமோ பயிலும் ஒருவரை அந்த மண்டபத்துக்கு அழைத்துவருவதுதான் அவர்களுக்குப் பயன்.

இரண்டாவது, வரவேண்டிய பிள்ளை வருவதில்லை. கருத்தரங்குக்கு வருபவர்கள் ஏற்கெனவே வழி தெரிந்தவர்கள். பாடசாலையை விட்டு நின்றவர், பரீட்சையை இடையில் விட்டவர், வேலைக்குப் போய்விட்டவர் ஆகியோர் தொடர்மாடிப் படிக்கட்டிலும் வத்தை முடுக்கிலும் இருக்கிறார்கள். அங்கே போவது கூச்சமாகவும் களைப்பாகவும் இருக்கும். ஆனாலும் போகத்தான் வேண்டும்.

மூன்றாவது, ஒருநாள் திருவிழாவாக முடிந்துவிடுவது. பதாகை, படம், மாலை, நன்றியுரை. மாறாக, பாடத்தோடு கைகோத்து ஆண்டுதோறும் தொடரும் முயற்சிகள் நிலைக்கின்றன. மொறட்டுவைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் உயர்தர மாணவருக்கு நடத்தும் முன்னோடிப் பரீட்சை அதற்கு நல்ல சான்று. வினாத்தாள் தயாரித்து, பரீட்சை வைத்து, திருத்திக் கொடுக்கிறார்கள். ஒரு தொகுதியினர் பட்டம் பெற்று வெளியேறினாலும் அடுத்தவர் ஏற்று நடத்தும் ஒழுங்கு அதில் இருக்கிறது.

நான்காவது குறை சிறியதல்ல. வழிகாட்டல் என்ற பெயரில் தனியார் நிறுவனங்களுக்கு மாணவர் திரட்டிக் கொடுப்பது நடக்கிறது. ஆலோசனை சொல்பவருக்கு அந்த ஆலோசனையால் பணம் வருமானால், அதை முதல் வார்த்தையிலேயே சொல்லிவிட வேண்டும்.

மற்ற மூவருக்கு என்ன வழி?

நால்வரில் மூவருக்கு அரச பல்கலைக்கழக இடம் இல்லையென்றால், அந்த மூவருக்கும் சொல்லத் தெரியாத தொண்டர் பாதி வேலைதான் செய்கிறார். நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகத்தில், வேலை செய்துகொண்டே பட்டம் படிக்கலாம்; கட்டணம் உண்டு. மட்டக்குளியிலும் தெஹிவளையிலும் உள்ள உயர் தொழில்நுட்பவியல் நிறுவனங்களில் உயர் தேசிய டிப்ளோமா படிக்கலாம். மட்டக்குளியில் வளர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேருக்கு, தங்கள் ஊரிலேயே அப்படி ஒன்று இருப்பது தெரியும்? தொழிற்பயிற்சி வழியே பெறும் தேசிய தொழிற்தகைமை (NVQ) ஏழு மட்டங்களைக் கொண்டது. ஏழாவது மட்டம் பட்டத்துக்கு இணையானது. இரத்மலானையில் உள்ள தொழிற்கல்வித் தொழினுட்பவியல் பல்கலைக்கழகம் (UNIVOTEC) அந்த ஏணியின் உச்சிப் படி. ஆசிரியராக விரும்புவோருக்குக் கல்வியியற் கல்லூரிகள் உண்டு.

காலி வீதி நெடுகத் தொங்கும் தனியார் பட்ட விளம்பரங்களைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் மூன்று கேள்விகள் போதும்: பட்டத்தை வழங்குவது எந்தப் பல்கலைக்கழகம்? அதை மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா, அல்லது கல்வி அமைச்சு பட்டம் வழங்கும் நிறுவனமாக அங்கீகரித்திருக்கிறதா? இடையில் நின்றால் கட்டிய பணம் என்ன ஆகும்? எழுத்தில் பதில் தராத இடத்தில் கையெழுத்து வைக்கக் கூடாது.

மேசை மூடிய பிறகு

வெட்டுப்புள்ளி வந்து முதற்சுற்றுப் பதிவு முடிந்ததும் பெரும்பாலான தொண்டர் குழுக்கள் கலைந்துவிடுகின்றன. ஆனால் வேலை அங்கே முடிவதில்லை. இடம் கிடைத்தும் பதிவு செய்யாதவர்களின் இடங்கள் பின்னர் நிரப்பப்படுகின்றன. முதற்சுற்றில் நூலிழையில் தவறிய பிள்ளைக்கு அப்போது அழைப்பு வரலாம். பதிவுக்குக் கொடுக்கப்படும் நாட்களோ சில. அந்த நேரத்தில் பிள்ளை தொலைபேசி இலக்கத்தை மாற்றியிருக்கிறது, மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மறந்திருக்கிறது, அல்லது வேலைக்காக நீர்கொழும்பில் தங்கியிருக்கிறது.

இதனால்தான் மேசைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் இரண்டு இலக்கங்கள் வாங்கிக் குறித்துவைக்க வேண்டும்: ஒன்று பிள்ளையுடையது; மற்றது வீட்டிலோ அயலிலோ பல ஆண்டுகளாக இலக்கத்தை மாற்றாத ஒருவருடையது. பாட்டியாக இருக்கலாம், மூலைக்கடைக்காரராக இருக்கலாம். அடுத்த சுற்று அறிவித்தல் வந்த அன்று மாலை அந்தக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, முதல் பெயரிலிருந்து அழைக்கத் தொடங்க வேண்டும்.